பாஸ் மார்க் எவ்வளவு?

2016 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் ஒருவர் ஒரு மனுவைப் பதிவு செய்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்ற பொதுவாக்கெடுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மனு கேட்டது இவ்வளவுதான்: வாக்குப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இருந்து, ஜெயித்த பக்கமும் 60 சதவீதத்தைத் தொடவில்லை என்றால், மறுபடியும் ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜூன் 24 காலையில் முடிவு அறிவிக்கப்பட்டபோது அந்த மனுவில் இருந்தது 22 கையெழுத்து.

பதிவான வாக்கு 72.2 சதவீதம். வெளியேறும் பக்கத்துக்கு 51.9, நீடிக்கும் பக்கத்துக்கு 48.1. மனு சொன்ன இரண்டு நிபந்தனைக்கும் அப்படியே பொருந்தி வந்தது. கூட்டம் முண்டியடித்ததில் அன்றைக்குத் தளமே திணறிப் போனது. கடைசியில் கணக்கு 41 லட்சத்தைத் தாண்டி நின்றது. இடையில் கள்ளக் கையெழுத்து என்று 77,000 வரை நீக்கவும் செய்தார்கள். ஆயிரம் பேர்கூட வசிக்காத வாடிகனிலிருந்து மட்டும் 39,000 கையெழுத்து வந்திருந்தது. நம்ம ஊர் வாக்காளர் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மனுவை எழுதியவர் வெளியேறும் பக்கத்து ஆள். தன் பக்கம் மயிரிழையில் தோற்கும் என்று நினைத்து முன்னெச்சரிக்கையாகப் போட்டு வைத்திருந்தார். ஜெயித்தது அவர் பக்கம். அவர் வெட்டின கிணற்றில் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் தண்ணி சேந்த வந்துவிட்டார்கள். தன் மனுவைக் கடத்திட்டுப் போயிட்டாங்க என்று அவர் புலம்ப வேண்டியதாயிற்று.

முதலில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு அந்த வருஷத்து மே மாதச் செய்திகளைப் புரட்டியபோது நைஜல் ஃபராஜ் 'டெய்லி மிரர்' பத்திரிகைக்குச் சொன்னது கண்ணில் பட்டது. 52-48 என்று நீடிக்கும் பக்கம் ஜெயித்தால் இந்த விஷயம் முடிந்ததாகாது, மூன்றில் இரண்டு பங்கு வாங்கி ஜெயித்தால்தான் முடிந்தது என்று பேசியிருக்கிறார். அவர் சொன்ன அதே 52-48 தான் வந்தது. பக்கம் மட்டும் மாறி வந்தது. அன்று விடிவதற்கு முன்பே ஃபராஜ் அதைச் சுதந்திர தினம் என்றார், ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமல் ஜெயித்துவிட்டோம் என்றும் சொன்னார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தன் தொகுதியில் சுட்டும் குத்தியும் கொல்லப்பட்டு அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஆக, 52 சதவீதம் போதாது என்று இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறது. தோற்கப் போகிறோம் என்று நினைத்தபோது ஒரு பக்கம், தோற்ற பிறகு இன்னொரு பக்கம். ரிசல்ட் வந்த பிறகு பாஸ் மார்க்கை மாத்துங்கன்னு கேட்டால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? சரி, முன்னாலேயே பாஸ் மார்க் வைத்திருந்தால் பிரச்னை இல்லையே என்று எனக்கும் தோன்றியது. அந்த நாட்டில் அதையும் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். இது பலருக்கு மறந்தே போச்சு.

1979 மார்ச் 1. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்கெடுப்பு. அதற்கு முந்தைய வருஷம் சட்டம் விவாதத்தில் இருந்தபோது ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற லேபர் கட்சி உறுப்பினர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர், தொகுதி லண்டனில். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை மட்டும் போதாது, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேராவது 'ஆம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது திருத்தம். அது நிறைவேறியது. முடிவு: ஆம் 51.6, இல்லை 48.4. மொத்த வாக்காளர்களில் கணக்குப் போட்டால் 'ஆம்' 32.9 சதவீதம்தான். ஜெயித்தும் தோற்றார்கள்.

ஸ்காட்லாந்தில் அதை நியாயமான விதி என்றா எடுத்துக்கொண்டார்கள்? செத்தவனும் ஊரை விட்டுப் போனவனும் பட்டியலில் இருக்கிறான், அவன் ஓட்டெல்லாம் 'இல்லை'யில் சேருதா என்று கொதித்தார்கள். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவி தாட்சரும் கொண்டுவந்தார். மார்ச் 28 இரவு 311-310 என்று ஒரே ஒரு ஓட்டில் கேலகன் ஆட்சி கவிழ்ந்தது. மே தேர்தலில் தாட்சர் பிரதமரானார், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 11 இடத்திலிருந்து 2 இடத்துக்கு இறங்கியது. அந்தச் சட்டமன்றத்துக்காக 1997-இல் இன்னொரு வாக்கெடுப்பு நடக்கும்வரை காத்திருந்தார்கள்.

அதே 40 சதவீத விதியை 2016-க்கு வைத்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெளியேற வாக்களித்தவர்கள் 1,74,10,742. பட்டியலில் இருந்தவர்கள் 4.65 கோடி. வகுத்தால் 37.4 சதவீதம். ஃபெயில்.

ஆனால் 2015-இல் சட்டம் போட்டபோது எந்த வரம்பும் வைக்கவில்லை. நான்கு நாடுகளிலும் பெரும்பான்மை கிடைத்தால்தான் வெளியேறலாம் என்று ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி கேட்டது. அதுவும் தோற்றது. (2016-இல் ஸ்காட்லாந்து 62 சதவீதமும் வட அயர்லாந்து 55.8 சதவீதமும் நீடிக்கவே வாக்களித்தன.) இதில் இன்னொரு கூத்து உண்டு. சட்டப்படி அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனை, அரசைக் கட்டுப்படுத்தாது. அதே அரசு 93 லட்சம் பவுண்டு செலவில் வீட்டுக்கு வீடு அனுப்பிய துண்டுப் பிரசுரத்தில், நீங்கள் முடிவு செய்வதை அரசு நிறைவேற்றும் என்று அச்சடித்திருந்தது. சட்டத்தைப் படித்தவனுக்கு ஒரு நியாயம், பிரசுரத்தைப் படித்தவனுக்கு ஒரு நியாயம். பின்னால் நீதிமன்றத்திலும் தெருவிலும் நடந்த சண்டையில் பாதி இந்த இரண்டு காகிதங்களுக்கு நடுவில்தான் என்று நினைக்கிறேன்.

வெளியேற வாக்களித்தவர்கள் அந்த மனுவைப் பார்த்து ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதை லண்டன் பத்திரிகைகளை மட்டும் படித்தால் புரிந்துகொள்ள முடியாது. சண்டர்லாந்து மாதிரி ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டும் தளங்கள் மூடிப் போன ஊர், லேபர் கட்சியின் கோட்டை. பொதுத் தேர்தலில் அங்கே யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரியும், உன் ஒரு ஓட்டால் ஒன்றும் மாறாது. பொதுவாக்கெடுப்பில் அப்படி இல்லை, எங்கே போட்டாலும் ஒரே எடை. 2015 பொதுத் தேர்தலைவிட இதில் சுமார் 28 லட்சம் பேர் அதிகம் வாக்களித்தார்கள். சண்டர்லாந்து 61 சதவீதம் வெளியேறு என்றது. அந்த முடிவு நள்ளிரவு வாக்கில் வந்தபோதே பவுண்டு மதிப்பு சரியத் தொடங்கியது. ரொம்ப நாளைக்கப்புறம் தன் ஓட்டு எண்ணப்பட்டது என்று நினைத்தவரிடம், மறுநாள் காலையிலேயே, தப்பாப் போட்டுட்டீங்க, திரும்பப் போடுங்க என்று 41 லட்சம் பேர் சொன்னால் எப்படி இருக்கும்?

மறுபக்கத்து வலியும் பொய்யில்லை. ஹன்டிங்டன் என்ற ஊரில் முடிவு வந்த கையோடு, போலந்துக்காரர்களைப் புழுபூச்சி என்று திட்டும் அட்டைகள் வீட்டு வாசல்களில் கிடந்தன. ஆங்கிலத்திலும் போலிஷ் மொழியிலும் அச்சடித்து, லேமினேட் செய்த அட்டைகள். அதாவது முன்கூட்டியே தயாராக வைத்திருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஜூலையில் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய ஜூலையைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல். என் பக்கத்தில் நீ பயப்படாமல் உட்காரலாம் என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு சிலர் நடந்தார்கள். அந்த ஊக்கு யாருக்கு ஆறுதல், போட்டவருக்கா பார்த்தவருக்கா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஃபராஜின் அந்த மூன்றில் இரண்டு பங்கு கணக்குக்குத் திரும்பி வருகிறேன். அப்படி ஒரு முடிவு ஏற்கெனவே வந்திருக்கிறது. 1975 ஜூன் 5, ஐரோப்பியச் சமூகத்தில் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பு. 67.2 சதவீதம் நீடிக்கலாம் என்றது. வேண்டாம் என்ற பகுதிகள் ஷெட்லாந்தும் மேற்குத் தீவுகளும் மட்டும். பல வருஷ வாக்குவாதம் இத்தோடு முடிந்தது என்று பிரதமர் வில்சன் அறிவித்தார். எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய டோனி பென் தோல்வியை ஒத்துக்கொண்டார். முடிந்ததா? 1983 தேர்தலில் வில்சனின் அதே லேபர் கட்சி, வெளியேறுவோம் என்று அறிக்கை விட்டது. அதற்கு வாக்கெடுப்பு வைப்பதாகக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் அந்தக் கொடியைக் கன்சர்வேட்டிவ்களில் ஒரு பிரிவு தூக்கிக்கொண்டது. ஃபராஜின் அரசியல் வாழ்க்கை முழுக்க அந்த 67 சதவீதத்தை ஒத்துக்கொள்ளாததுதான். மூன்றில் இரண்டு பங்கு என்று அவரே சொன்னபோது இது நினைவுக்கு வந்ததா என்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான கேஸ் வேல்ஸ். 1997 செப்டம்பர் 18, வேல்ஸுக்குத் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டார்கள். ஆம் 50.3 சதவீதம், வித்தியாசம் 6,721 ஓட்டு. வாக்களித்ததே பாதிப் பேர்தான். இதைவிட மெலிசான வெற்றி கிடையாது. சபை வந்தது, தெருவில் லட்சக்கணக்கில் யாரும் திரளவில்லை. அதில் தோற்றவருக்குக் கையிலிருந்து போனது ஒன்றுமில்லை என்பதுதான் காரணமாக எனக்குப் படுகிறது. தோற்ற மறுநாளும் அதே பாஸ்போர்ட், அதே வேலை, அதே வீடு.

2016-இல் போகக்கூடியது நிறைய இருந்தது. அதிலும் அதிகம் இழக்கக் கூடியவர்களிடம் ஓட்டே இல்லை. இங்கே நம் ஆட்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனில் வசித்தால் இந்த வாக்கெடுப்பில் பங்கேற்கலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோடு படிக்கப் போன மாணவர் பட்டியலில் பெயர் சேர்த்து ஓட்டுப் போடலாம். அதே தெருவில் பத்து வருஷமாக வரி கட்டும் போலந்து நர்ஸ் போட முடியாது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவருக்கு இருந்த உரிமை மற்ற ஐரோப்பியருக்கு இல்லை. அப்படி விடுபட்டவர்கள் லட்சக்கணக்கில்.

மனுவுக்கு வேறு விதி. நாடாளுமன்றத் தளத்தில் கையெழுத்துப் போட பிரிட்டிஷ் குடிமகனாக இருக்கணும், இல்லையென்றால் பிரிட்டனில் வசிப்பவராக இருந்தால் போதும். ஜூன் 23 அன்று வாக்குச்சாவடிக்குள் போக முடியாத அந்த நர்ஸ், மறுநாள் அந்த மனுவில் முறைப்படி கையெழுத்துப் போடலாம். அரசு மனுவை நிராகரித்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் சில மணி நேரம் பேசிவிட்டு, எந்த வாக்கெடுப்பும் இல்லாமல் கலைந்தார்கள்.