சுண்டெலியின் கண்ணும் மதுரைப் பேராசிரியரும்

எங்கள் மன்னவனூரில் ஆராய்ச்சி என்று சொன்னால் ஆட்டுப் பண்ணையைத்தான் கை காட்டுவார்கள். மத்திய அரசு 1965-இல் தொடங்கிய அந்த நிலையத்தில் பாரத் மெரினோ ஆடுகளோடு இறைச்சிக்கான முயல்களையும் வளர்க்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் முயல் கூண்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கண் மருத்துவ வரலாற்றில் முயலுக்கு ஓர் இடம் இருக்கிறது. முயலிலிருந்து அந்த ஆராய்ச்சியைச் சுண்டெலிக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் நம் மதுரைக்காரர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை நோயில் தொடங்கிக் கண்ணில் வந்து நிற்கிறது. "கண்ணுக்குள்ளேயே ஊசி போடறாங்களாமே!" என்று கேட்காதவர் இல்லை. அந்த ஊசிக்குள் இருக்கும் மருந்து பல ஆய்வகங்களைக் கடந்து வர ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு விழித்திரை என்பது 'ரெத்தின்' என்றுதான் அறிமுகம். வலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் நாம் திரை என்கிறோம். இரண்டுமே பொருந்தும். உருவம் விழுவதால் அது திரை. மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதால் வலை. கருவில் மூளையிலிருந்து நீண்டு வளரும் பகுதி அது. உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாய்களை நேராகப் பார்க்க முடிகிற இடமும் அதுதான். ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் இந்தச் சிறு குழாய்கள் நலிந்து கசிகின்றன, சில அடைத்துக்கொள்கின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை புதிய குழாய்களை வரவழைக்கிறது. அவசரத்தில் முளைத்த அந்தக் குழாய்கள் பலமில்லாதவை. அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்போது பார்வை போகிறது.

இந்த 'வரவழைப்பது' எது என்று 1948-இல் கேட்டவர் ஐசக் மைக்கேல்சன். விழித்திரையிலிருந்து ஏதோ ஒரு பொருள் சுரந்து பரவித்தான் குழாய்களை வளரச் செய்கிறது என்று அவர் ஊகித்தார். அது என்ன பொருள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அதற்கு 'எக்ஸ் காரணி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

காரணம் தெரியாவிட்டாலும் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 1945 ஜூலையில் நடந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை சுட்டுப்போனவரைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத், அதே ஒளியை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாமே என்று யோசித்தார். பின்னாளில் அது லேசர் சிகிச்சையாக வளர்ந்தது. 1961-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கைநரம்பில் ஒளிரும் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படம் பிடித்தார்கள். இன்றும் மருத்துவமனைகளில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படமெடுக்கிறார்களே, அது இவர்கள் தந்தது. முற்றிய சர்க்கரை நோய்க் கண்களில் கடுமையான பார்வையிழப்பை லேசர் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976-இல் ஓர் அமெரிக்க ஆய்வு நிறுவியது. ஆனால் லேசர் என்பது விழித்திரையின் ஓரத்தைச் சுட்டு நடுவைக் காப்பாற்றும் வழி. காரணப் பொருளைப் பிடித்தாக வேண்டியிருந்தது.

உதவி புற்றுநோய்ப் பக்கத்திலிருந்து வந்தது. புதிய ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளாமல் எந்தக் கட்டியும் பெரிதாக வளர முடியாது என்று பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். பலர் நம்பவில்லை. நிரூபிக்க ஒரு சோதனை வேண்டும். கண்ணின் முன்னால் கண்ணாடி போல் இருக்கும் படலமான கார்னியாவில் இயல்பாக ரத்தக்குழாயே கிடையாது. அங்கே ஒரு குழாய் தெரிந்தால் அது புதிதாக முளைத்ததுதான், சந்தேகத்துக்கே இடமில்லை. ஃபோக்மன் குழுவினர் முயலின் கார்னியாவில் சிறு பை போலக் கீறி, அதில் கட்டியின் துணுக்கை வைத்துப் பார்த்தார்கள். குழாய்கள் அதை நோக்கி வளர்ந்து வந்தன.

ஆனால் முயலுக்குச் செலவு அதிகம், இடமும் அதிகம் வேண்டும். தவிர, ஒரே மரபு கொண்ட தூய இனங்கள் சுண்டெலியில் ஏராளமாக உண்டு. முயலில் அந்த வசதி இல்லை. சுண்டெலியின் கண்ணோ மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதன் கார்னியா ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அதைக் கிழிக்காமல் உள்ளே பை செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும்! அதைச் செய்து காட்டி 1979-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை எழுதியவர்கள் இருவர். ஒருவர் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பன். மற்றவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆவர்பாக். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் தடுக்கும் பொருள்களையும் சோதிக்க இந்த முறை பிறகு உலகெங்கும் பரவியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1989-இல் கலிபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பி உயிரணுக்களிலிருந்து குழாய் வளர்க்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதே புரதம் முற்றிய சர்க்கரை நோய்க் கண்களின் நீரில் மிகுந்திருப்பதை 1994-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். மைக்கேல்சனின் ஊகத்துக்கு 46 ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது. அந்தப் புரதத்தை அடக்கும் அவாஸ்டின் என்ற மருந்துக்கு 2004-இல் குடல் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மியாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் அதைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். ஒரு குப்பியைப் பல கண்களுக்குச் சிறு அளவுகளாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதால் நம்மைப் போன்ற நாடுகளில் ஏழைகளுக்கும் அது எட்டியது.

முத்துக்கருப்பன் பின்னாளில் மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, கார்னியாவின் விளிம்பில் உள்ள மூல உயிரணுக்களைப் பற்றி இளைஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபணுப் பொறியியல் பேராசிரியர் கு. தர்மலிங்கமும் அங்கே வந்து சேர்ந்தார். பல்கலைக்கழக ஆய்வகமும் நோயாளி வரிசையும் ஒரே ஊரில் இணைந்தது நமக்குக் கிடைத்த பேறு.

ஆய்வகம் என்றால் பேராசிரியர் மட்டும் இல்லை. எலிக்கூண்டைக் கழுவுகிறவர், திசுவை மெல்லிய சீவலாக வெட்டுகிறவர், மாதிரிக் குப்பியில் எண் ஒட்டிப் பதிவேட்டில் ஏற்றுகிறவர் எல்லாரும் உண்டு. ஆயுள் முழுக்கப் பதிவேடு எழுதிய குமாஸ்தா நான். ஓர் எண் மாறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் விழித்திரைப் படத்தைப் படிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தபோது 1,28,175 படங்களைப் பயன்படுத்தினார்கள். அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் படம் கொடுத்தவற்றில் அடங்கும். 54 மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு முறை பார்த்துத் தரம் பிரித்தார்கள். கட்டுரையில் அவர்களை ஓர் எண்ணாகத்தான் பார்க்கிறோம்.

இவ்வளவு பேர் உழைத்தும், நோயாளி போய் நாற்காலியில் உட்காராவிட்டால் பலனில்லை. சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. தெரியும்போது பாதி நேரம் போயிருக்கும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருந்து விட்டு விழித்திரையைக் காட்டுங்கள். போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும். நம் மலைப்பாதையின் வளைவுகளில் அந்தக் கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது.