ஒசூர் மாநகராட்சியும் அதன் முதல் மேயரும்

நகராட்சியிற் பயின்று பின்னர்ச் சட்டமன்றம் புகுதல் தமிழக அரசியலில் நெடுநாளைய வழக்காகும். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, 1917இல் சேலம் நகராட்சித் தலைவராகி, 1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். அவ்வொசூரிலேயே இவ்வழக்கு முறைமாறி நிகழ்ந்தமையை ஈண்டு ஆராய்வோம்.

கன்னடத்தில் 'ஹொச' என்பது புதுமையைக் குறிக்கும். ஆதலின் 'ஓசூர்' என நெடிலாக்காது 'ஒசூர்' என்று எழுதுதலே நேரிது என்பது எம் கருத்து. பெயருக்கேற்ப அது புத்தூரே. சிப்காட் தொழிற்பேட்டையும் அசோக் லேலண்டு, டி.வி.எசு., டைட்டன் முதலிய ஆலைகளும் பல மாவட்டத்தாரையும் பன்மொழியாளரையும் அங்குக் குடியேற்றின. சூசூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகிய ஊராட்சிகள் 2011இல் நகராட்சியோடு இணைந்தன.

2016இல் ஒசூர்த் தொகுதியில் வென்ற பாலகிருட்டிண ரெட்டி, முன்பு நகராட்சித் தலைவராய் இருந்து பின்னர் அமைச்சரும் ஆனவர். அவர் சென்றது பழைய வழி. நீதிமன்றத் தீர்ப்பொன்றால் 2019இல் அவர் பதவி இழக்க, அவ்வாண்டு ஏப்பிரல் 18ஆம் நாள் நடந்த இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எசு.ஏ. சத்யா, ரெட்டியாரின் துணைவியாரை வென்று சட்டமன்றம் புகுந்தார். ஒசூர் மாநகராட்சியாக உயர்ந்ததும் அவ்வாண்டே. 2021இல் தொகுதி அதே கட்சியின் ஒய். பிரகாசிடம் சென்றது. 2022 மார்ச்சுத் திங்களில், நாற்பத்தைந்து வட்டங்களின் உறுப்பினர்கள் கூடிச் சத்யாவை மாநகராட்சியின் முதல் மேயராகத் தேர்ந்தனர்.

இதனைப் பதவித் தாழ்வு என்பாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளேம். 1984இல் சட்டமன்ற உறுப்பினரான சைதை துரைசாமி 2011இல் சென்னை மேயராகவில்லையா? மேலும், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பழைய ஊராட்சிப் பகுதிகளுக்குச் சாக்கடையும் குடிநீரும் சாலையும் அமைத்தல் நகர மன்றத்தின் கடமை. சட்டமன்ற உறுப்பினர் அதனை வேண்டலாமேயன்றிச் செய்தல் அரிது.

எனினும் மேயரின் கைக்கும் எல்லை உண்டு. செயலாட்சி ஆணையரிடம் உள்ளது. பெருந்திட்டங்களுக்குரிய நிதி மாநில அரசை நோக்கி நிற்பது. ஆற்றின் நிலையோ இவ்விருவர்க்கும் அப்பாற்பட்டது. நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூர்ப் புறநகரின் கழிவுகளைச் சுமந்து, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வந்து வீழ்கின்றது. அந்நுரையைத் தடுக்கும் ஆணை ஒசூர் மேயரிடம் இல்லை. அது மாநில எல்லைக்கு அப்பால் உள்ளது.