காது எட்டினால் வயசு அஞ்சு!



"மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் அண்ணாச்சி" என்று சங்கச் செயலாளர் கேட்டார். அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் எல்லோருடைய சான்றிதழிலும் இருக்கிற ஒரே ஒரு வரியின் வரலாற்றை நான் எழுதுகிறேன். 'பிறந்த தேதி' என்கிற வரிதான் அது.

1961 ஜூன் மாதம். கடையநல்லூரில் ஒரு தொடக்கப் பள்ளி. தாத்தா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாத்தியார் என் வயசைக் கேட்கவே இல்லை. "ஏலே, வலது கையத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடு" என்றார். எனக்குக் கொஞ்சம் நீளமான கை. தொட்டுவிட்டேன்! "அஞ்சு முடிஞ்சாச்சு. 1.6.1956ன்னு போட்டுக்கிடுதேன்" என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த ஜூன் முதல் தேதிதான் பிறந்தநாள்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் என் ஜாதகம் இருந்தது. துன்முகி வருஷம், கொல்லம் 1132, மாசி மகம். அதாவது 1957 பிப்ரவரி. பள்ளியில் சேர்ந்த அன்று எனக்கு நாலு வயசும் நாலு மாசமும்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு வயசு தெரியாது என்று சொல்வது சரியில்லை. அவர்கள் வேறு கணக்கில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு மலைக்கு அந்தப் பக்கம் மட்டுமல்ல, நம் நெல்லைச் சீமையிலும் புழங்கியது. பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே! தமிழ் வருஷப் பெயர்களோ அறுபது. ஒரு சுற்று முடிந்து பிறந்த வருஷமே திரும்பி வந்தால் மணிவிழா. ஆயிரம் பிறை கண்டால் சதாபிஷேகம். ஆயிரம் பிறைக்கு ஏறக்குறைய 80 வருஷம் 10 மாதம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். என் முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் ஹிஜ்ரி கணக்கு. அதில் வருஷத்துக்கு 354 நாள்தான். எனவே ஹிஜ்ரிப்படி 63 வயசான பெரியவருக்கு இங்கிலீஷ் கணக்கில் 61தான் ஆகிறது. ஒரே தெருவில் இத்தனை கணக்கு!

இதெல்லாம் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவரு" என்று 1876ஐச் சொன்னார்கள். "தனுஷ்கோடி ரயிலு கடலுக்குள்ள போன வருஷம்" என்று 1964ஐச் சொன்னார்கள்.

மாட்டுக்கு ஜாதகம் கிடையாது. அதற்குப் பல்தான் ஜாதகம். மேலப்பாளையம் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, கீழே எட்டு. பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைக்கும்போது ஏறக்குறைய ரெண்டு, ரெண்டரை வயசு. நாலு பல் என்றால் மூன்று வயசு வாக்கில். எட்டுப் பல்லும் சேர ஐந்து வயசு வரை ஆகும். அதற்குப் பிறகு தேய்மானம்தான் கணக்கு. தானம் வாங்குகிற மாட்டுக்கு மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் பெரியவர்கள் சொன்னது!

மாட்டுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1833ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயசுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் வயசுக்குச் சான்று ஏது? அங்கே அரசாங்கப் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. அதே 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே வயசு சொல்லலாம் என்று புத்தகம் எழுதினார். நம் வாத்தியார் காதைப் பார்த்தார், அவர் பல்லைப் பார்த்தார்.

நம் நாட்டிலும் சட்டங்கள் வயசைக் கேட்க ஆரம்பித்தன. 1875இல் மேஜர் வயசு 18 என்று சட்டம் வந்தது. 1881 தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயசு ஆகாத பிள்ளைக்கு ஆலை வேலை கூடாது என்றது. 1929 சாரதா சட்டத்தில் பெண்ணின் திருமண வயசு 14. 1978இல் அது 18 ஆயிற்று. 1899இல் சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தும், பல குழந்தைகள் பதிவேறவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ 40, 45, 50 என்று முழு எண்களில் கூட்டம் குவியும். "நாப்பது இருக்கும், எழுதிக்கோங்க" என்பதுதான் பதில்!

எலும்பை எக்ஸ்ரே எடுத்தால் சரியாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். அதிலும் முன்னே பின்னே இரண்டு வருஷம் வித்தியாசம் வரலாம் என்று 1982இல் ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2013இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி, டி.என்.ஏ.வில் 353 இடங்களில் ஏற்படும் மாற்றத்தை வைத்து வயசைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். அதுவும் கணிப்புதான். நாயின் வயசை ஏழால் பெருக்குவதும் தப்பு என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வயசு லாப்ரடார் முப்பது வயசு மனிதனுக்குச் சமமாம்! ஆக, உடம்பு 'உத்தேசம்' சொல்லுமே தவிர தேதி சொல்லாது.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? எனக்கு ஒன்பது மாதம் நஷ்டம். 58இல் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசி நாளிலேயே போக வேண்டும் என்பது விதி. 31.5.2014 அன்று மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். ஜாதகப்படி 2015 பிப்ரவரி வரை இருந்திருப்பேன். பிறந்த தேதியைத் திருத்த, வேலையில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது.

என் நஷ்டம் பெரிதல்ல. எங்கள் தெருவில் தறி நெய்த ஓர் அக்கா, 2012இல் முதியோர் பென்ஷனுக்கு மனுக் கொடுத்தார். அட்டையில் பிறந்த வருஷம் 1958 என்று இருந்தது. 60 ஆகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்கு வேறு சான்று ஏது? என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, தனுஷ்கோடிப் புயலப்போ என் மூத்தவன் கைப்பிள்ள. அட்டைப்படி பாத்தா எனக்கு ஆறு வயசுலயே பிள்ள பொறந்திருக்கணும்லா?"

நான் படித்த வரலாற்றுப் பாடம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது! மகனின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். 1964இல் பிறந்தவன் என்று இருந்தது. அதை வைத்து மறுபடி மனு எழுதினோம். மருத்துவரும் பார்த்து வயசு எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் கழித்துப் பென்ஷன் வந்தது. பிள்ளையின் காகிதம் தாயின் வயசைச் சொன்னது.

இன்று படிக்கிற தம்பி தங்கைகளே! 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறக்கிறவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே போதும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆதார் அட்டை வயசுக்கு ஆதாரம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உங்களுக்குக் கவலையில்லை. ஆனால் உங்கள் வீட்டு ஆச்சிக்கு? இந்த விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் புயல், எந்தப் பஞ்சம், யார் கல்யாணம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மற்றபடி நண்பர்களே, ஜூன் ஒன்றாம் தேதி எனக்கு வாழ்த்துச் சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். மாசி மகத்தன்று வீட்டுக்கு வந்தால் பாயசம் உண்டு!