முகமில்லாத அட்மின்

2011 பிப்ரவரி 7. எகிப்தின் ட்ரீம் டிவி. கேமரா முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞருக்கு வயது முப்பது. பதினொரு நாள் கண்ணைக் கட்டி அடைத்து வைத்திருந்து, அன்றைக்குத்தான் வெளியே விட்டிருந்தார்கள். நிகழ்ச்சியை நடத்திய மோனா எல்-ஷாஸ்லி, போராட்டத்தில் செத்துப்போன பையன்களின் படங்களைத் திரையில் காட்டினார். அவ்வளவுதான். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எழுந்து போயே விட்டார்.

மறுநாள் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம். அதுவரை வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கிளம்பி வந்துவிட்டார்கள். பிப்ரவரி 11 அன்று, முப்பது வருடமாக அசைக்க முடியாமல் இருந்த முபாரக், பதவியை விட்டு இறங்கினார்.

யார் இந்த ஆசாமி?

பெயர் வாயெல் கோனிம். அரசியல்வாதி அல்ல. கூகுள் கம்பெனியில் மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கான மார்க்கெட்டிங் அதிகாரி. கம்ப்யூட்டர் இன்ஜினியர், கூடவே எம்.பி.ஏ. துபாயில் நல்ல சம்பளம், குடும்பம், குழந்தைகள். வம்பு தும்பு தேவையே இல்லாத வாழ்க்கை.

2010 ஜூனில் ஒரு புகைப்படம் அவர் கண்ணில் பட்டது. அலெக்சாண்டிரியாவில் காலித் சயீத் என்ற 28 வயது இளைஞனை, ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் இழுத்துப் போட்டு அடித்தே கொன்றிருந்தார்கள். போதைப் பொட்டலத்தை விழுங்கி மூச்சுத் திணறிச் செத்தான் என்றது போலீஸ். ஆனால் பிணவறையில் எடுத்த படத்தில் சிதைந்து கிடந்த அந்த முகம் வேறு கதை சொன்னது.

கோனிம் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார். 'நாம் எல்லோருமே காலித் சயீத்.' யார் தொடங்கியது? யாருக்கும் தெரியாது. செத்துப்போன காலித்தே பேசுவதுபோல, 'நான்' என்று, தெருவில் பேசுகிற எகிப்திய அரபியில் எழுதினார். லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள்.

அவருக்குள் இருந்த மார்க்கெட்டிங்காரர் வேலை செய்த இடம் இது. முதலில் ஆளைப் படிக்க வை. அப்புறம் ஒரு வரி கமெண்ட் எழுத வை. பிறகு அவனே ஒரு படம், ஒரு வாசகம் தயாரித்து அனுப்பட்டும். கடைசியாகத் தெருவுக்கு வரச்சொல். சோப்பு விற்கும் அதே சூத்திரம். இங்கே விற்றது தைரியம்.

எமர்ஜென்சி சட்டம் 1981 முதல் அமலில் இருந்த தேசம் அது. கூட்டம் போட்டால் உள்ளே தள்ளுவார்கள். எனவே ஒரு யுக்தி. கறுப்பு உடையில் வாருங்கள், கடலைப் பார்த்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, பேசாமல் நில்லுங்கள். கோஷம் கிடையாது. கடலைப் பார்ப்பது எந்தச் சட்டப்படி குற்றம்? போலீஸ் விழித்தது.

2010 நவம்பரில் போலிப் பெயரில் நடத்துவதாகச் சொல்லி ஃபேஸ்புக்கே அந்தப் பக்கத்தை முடக்கியது. அமெரிக்காவில் இருந்த ஓர் எகிப்தியப் பெண் தன் சொந்தப் பெயரைக் கொடுத்துதான் உயிர் வந்தது. 2011 ஜனவரியில் துனிசியாவில் பென் அலி ஓடிப்போனார். ஜனவரி 25, எகிப்தில் போலீஸ் தினம். அன்றைக்கே போலீஸுக்கு எதிராகத் தெருவுக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தது பக்கம். கோனிம் ஏதோ சொந்தப் பிரச்னை என்று ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு கெய்ரோ வந்தார். 27-ம் தேதி இரவு மஃப்டி ஆட்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஒன்று கவனியுங்கள். 28-ம் தேதி அரசாங்கம் நாடு முழுக்க இன்டர்நெட்டையே துண்டித்தது. அட்மின் சிறையில். பக்கம் இருட்டில். ஆனாலும் கூட்டம் பெருகியது! ஃபேஸ்புக் புரட்சி என்று ஊரெல்லாம் பெயர் வைத்தார்கள். தீக்குச்சி வேறு, விறகு வேறு. வேலையில்லாத் திண்டாட்டம், லஞ்சம், லாக்கப் அடி எல்லாம் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தன.

இத்தோடு 'சுபம்' போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விதி விடவில்லை. முபாரக் போனதும், ஒன்றாக நின்றவர்கள் மதவாதி, மதச்சார்பற்றவர், ராணுவ ஆதரவாளர் என்று பிரிந்தார்கள். எந்த ஃபேஸ்புக் சேர்த்துவைத்ததோ அதே ஃபேஸ்புக்கில் வதந்தி, வசை. 2012 தேர்தலில் மோர்ஸியை ஆதரித்த கோனிம், 2013-ல் அவரையே ராஜினாமா செய்யச் சொன்னார். ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. துரோகி, அந்நியக் கைக்கூலி என்று கோனிமுக்கு அர்ச்சனை. ஹீரோ வாயை மூடிக்கொண்டார். நாட்டை விட்டும் போனார்.

2015-ல் ஒரு டெட் மேடையில் மௌனம் கலைத்தார். ஒரு சமூகத்தை விடுவிக்க இன்டர்நெட் போதும் என்று முன்பு சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டார். சுருக்கமாக, வேகமாக, காரமாக எழுதுகிறவனுக்கே அங்கே கூட்டம். யோசித்துப் பேசுகிறவனை யாரும் சீந்துவதில்லை. இதுதான் அவர் கண்ட நோய். நிதானமாக விவாதிக்க பார்லியோ என்றொரு தளம் ஆரம்பித்தார். 2016-ல் அதைக் கோரா வாங்கிக்கொண்டது. 2019-ல் மீண்டும் அரசை விமர்சித்து வீடியோக்கள் போட்டார். கெய்ரோவில் அவர் சகோதரரைக் கைது செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரவு: பதினெட்டு நாளில் ஒரு சர்வாதிகாரி காலி. காலித்தை அடித்த இரண்டு போலீஸ்காரர்களுக்கும், 2014 மறுவிசாரணையில் பத்து வருடச் சிறை. செலவு: அந்தப் பதினெட்டு நாளில் மட்டும் குறைந்தது 846 உயிர்கள் என்றது விசாரணைக் குழு. அதன் பிறகு போன உயிர்கள் தனி.

முகம் தெரியாத அட்மினை லட்சம் பேர் நம்பினார்கள். முகம் தெரிந்த பிறகு அவரையே பாதிப்பேர் ஏசினார்கள். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு விரல்தான்.