கலையும் படைகள்: சிற்றுருவத் தொகுப்புகளும் இணைய ஏலமும்

ஹைதராபாத்தின் கிழக்கே உள்ள நாச்சாரம் இன்று தொழிற்பேட்டைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் அறியப்பட்ட பகுதி. 1970களில் என். டி. ராமராவ் அங்கே ராமகிருஷ்ணா சினி ஸ்டூடியோவை நிறுவினார். 1977இல் வெளியான ‘தான வீர சூர கர்ணா’வின் பெரும்பகுதி அங்கேதான் படமாக்கப்பட்டது. நாச்சாரத்து அரங்குகளில் மகாபாரதம் எழுந்த அதே பத்தாண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூரான லேக் ஜெனீவாவில் வேறொரு மாய உலகம் மேசைமேல் எழுந்துகொண்டிருந்தது. அதன் வீரர்களும் பூதங்களும் ஓரங்குல உயரமுள்ள உலோக உருவங்கள். படப்பிடிப்பு முடிந்த அரங்கப் பொருள்களைப் போலவே, ஆட்டம் முடிந்த அவ்வுருவங்களையும் அன்று ஆவணங்களாகக் கருதியவர் மிகச் சிலரே. இன்று அவை இணைய ஏலங்களில் தனித்தனியே விலைபோகின்றன. விற்பனையில் ஒரு பொருள் கைமாறுகிறது. ஆனால் ஒரு தொகுப்பு அழிகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

சிற்றுருவங்களின் வரலாறு போர் பொம்மைகளில் தொடங்குகிறது. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உட்புறம் வெற்றிடமாக வார்க்கும் முறையைப் புகுத்தி, ஈய வீரர்களின் எடையையும் விலையையும் குறைத்தது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் அவ்வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை வகுத்தார். 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட ‘செயின்மெயில்’ இடைக்காலப் போர் விளையாட்டு நூல்; அதன் பின்னிணைப்பில்தான் மந்திரவாதிகளும் டிராகன்களும் இடம்பெற்றனர். 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டனர். அக்காலத்தில் பூதங்களுக்கெனத் தனி உருவங்கள் அரிது. எனவே ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளையே கைகாக்ஸ் மேசைமேல் நிறுத்தினார். அந்த விளையாட்டின் புகழ்பெற்ற பூதங்களுள் சில, உருவம் விளங்காத அப்பொம்மைகளைப் பார்த்தே கற்பனை செய்யப்பட்டவை. இங்கே கதைக்குப் பொம்மை செய்யப்படவில்லை. பொம்மையிலிருந்து கதை பிறந்தது.

1975இல் ஓஹியோவின் சின்சினாட்டியில் ரால் பார்த்தா நிறுவனமும் லண்டனில் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனமும் தோன்றின. 1979இல் இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் தொடங்கியது. 1983இல் வெளியான ‘வார்ஹாமர்’ விளையாட்டுக்குப் பின் ஒருவர் சில உருவங்களை வாங்குவது போய், ஒரு படையையே திரட்டுவது வழக்கமாயிற்று.

இவ்வுருவங்களின் உலோகமே காலத்தைச் சொல்லும் சான்று. தொடக்கத்தில் ஈயம் கலந்த உலோகக் கலவையே பயன்பட்டது. 1993இல் நியூயார்க் மாநிலத்தில் ஈயப் பொம்மைகளுக்கு எதிராக எழுந்த சட்ட முயற்சி தயாரிப்பாளர்களை அச்சுறுத்தியது. ரால் பார்த்தா ஈயமற்ற கலவைக்கு மாறியது. 1990களின் பிற்பகுதியில் கேம்ஸ் ஒர்க்ஷாப்பும் வெள்ளை உலோகத்துக்கு மாறியது. ஆகவே எடை, நிறம், அடிப்பட்டையில் வார்க்கப்பட்ட ஆண்டு, பெயர் ஆகியவற்றைக் கொண்டு ஓர் உருவம் எப்போது வார்க்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். ஈயத்துக்கு ஒரு நோயும் உண்டு. ஓக் முதலிய மரப்பெட்டிகள் வெளியிடும் அமில ஆவி பட்டால் அது அரித்து வெண்பொடியாக உதிரும். ஓர் உருவம் எத்தகைய பெட்டியில் வாழ்ந்தது என்பதைக்கூட அதன் மேற்பரப்பு சொல்லக்கூடும்.

வண்ணம் மற்றொரு சான்று. உருவங்கள் பெரும்பாலும் வண்ணமின்றியே விற்கப்பட்டன, வாங்கியவரே தீட்டிக்கொண்டார். எனவே ஒரே அச்சில் பிறந்த நூறு உருவங்களும் நூறு கைகளின் தடயங்கள். ஆனால் சந்தையில் பழைய வண்ணம் பெரும்பாலும் குறையாகவே எண்ணப்படுகிறது. வாங்குவோர் பலர் கரைப்பானில் ஊறவைத்து அதை அகற்றிவிட்டு மீண்டும் தீட்டுகின்றனர். ஓலைச்சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையை மட்டும் பாதுகாப்பதற்கு இது நிகர்.

இந்தச் சந்தை நெடுங்காலம் ஆட்டக்காரர் கூட்டங்களின் மேசைகளிலும் இதழ்களின் வரிவிளம்பரங்களிலும் நடந்தது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம் பின்னர் ஈபே ஆயிற்று. ஒமிடியார் தம் வருங்கால மனைவியின் மிட்டாய்ப் பெட்டிச் சேகரிப்புக்காகவே அதைத் தொடங்கினார் என்ற கதை பரவலாக அறியப்பட்டது. அது செய்தித்தாள்களின் கவனத்தை ஈர்க்க நிறுவன ஊழியர் ஒருவர் புனைந்தது என்று பின்னர் தெரியவந்தது. சேகரிப்போர் பலர் நம்பும் ஏலத்தளத்தின் பிறப்பு வரலாறே ஒரு புனைவு என்பது வரலாற்று மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

ஏலம் பற்றிய பொருளியல் ஆய்வுகள் இத்தகைய பொருள்களுக்கு மிகவும் கடன்பட்டவை. இரண்டாம் உயர்ந்த விலையைச் செலுத்தும் ஏலமுறையை வில்லியம் விக்ரி 1961இல் கோட்பாடாக ஆய்ந்தார். 1996இல் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாளில் அவர் காலமானார். விக்ரியின் கோட்பாட்டைக் களத்தில் சோதிக்க டேவிட் லக்கிங்-ரைலி தேர்ந்தது பங்குகளையோ நிலத்தையோ அல்ல. ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் மிகுபுனைவு விளையாட்டின் அட்டைகளை. அவற்றை இணையத்தில் வெவ்வேறு முறைகளில் ஏலம் விட்டு 1999இல் முடிவுகளை வெளியிட்டார். விலை இறங்கிக்கொண்டே வரும் டச்சு ஏலம், மூடிய உறையில் முதல் விலை கேட்கும் ஏலத்தைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் வருவாய் தந்தது. இவ்விரண்டும் சமமான வருவாய் தரும் என்பது கோட்பாட்டின் எதிர்பார்ப்பு. 2002இல் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் வேறொன்றை நிறுவினர். முடிவு நேரம் மாறாத ஈபேயில் கடைசி நொடிகளில் விலை கேட்பது மிகுதி; கடைசி விலைக்குப் பின் ஏலம் நீண்ட அன்றைய அமேசான் ஏலங்களில் அது குறைவாக இருந்தது. விதி மாறினால் மனிதர் நடத்தையும் மாறுகிறது.

இவ்வாய்வுகள் விலையை விளக்குகின்றன. தொகுப்புக்கு என்ன நேர்கிறது என்பது அவற்றின் கேள்வியன்று. விற்பவரின் கணக்கு எளிது: அரிய உருவங்களைத் தனித்தனியே விற்றால் கூடுதல் பணம், எஞ்சியவற்றை ஒரே கூறாகக் கட்டிவிட்டால் உழைப்பு மிச்சம். இக்கணக்கில் பிழையேதும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளில் ஒருவர் எவற்றை முதலில் வாங்கினார், எந்தப் படையை நிறைவு செய்தார், எதைத் தொடங்கிக் கைவிட்டார், எவர் பரிசளித்தார் என்னும் ஒழுங்கு பிரித்த நாளில் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது விற்பனைப் பக்கத்தின் சில வரிகளும் ஒளிப்படங்களும். முடிந்த ஏலத்தின் அப்பக்கமும் பொதுப்பார்வைக்கு ஏறத்தாழ 90 நாள் மட்டுமே கிடைக்கிறது. அதன்பின் அத்தொகுப்பு இருந்ததற்கான பொதுச்சான்று பெரும்பாலும் இல்லை.

தொகுப்பு சிதறாமல் காக்கப்பட்டதற்கு ஹைதராபாத்திலேயே இரு பெரும் எடுத்துக்காட்டுகள் உண்டு. மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், 1949இல் நேரடி வாரிசின்றிக் காலமானார். உலகெங்கிலுமிருந்து அவர் வாங்கிக் குவித்தவை பிரிந்துபோகாமல், 1951 டிசம்பர் 16 அன்று திவான் தேவடியில் ஜவகர்லால் நேருவால் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. 1961இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. ஓவியங்களோடும் தந்தச் சிற்பங்களோடும் விளையாட்டுப் பொம்மைகளும் அங்கே இடம்பெற்றிருப்பது கவனத்துக்குரியது: தொகுப்பு முழுமையாகக் காக்கப்பட்டால் மட்டுமே மதிப்புக் குறைந்தவையும் உடன் பிழைக்கின்றன. இரண்டாவது, நிஜாம் நகைகள். அறக்கட்டளையினர் அவற்றை விற்க முற்பட்டபோது எழுந்த நீண்ட வழக்குக்குப் பின், 1995இல் இந்திய அரசு 173 நகைகளை ஏறத்தாழ 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2001இல் அவை சாலார் ஜங் அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன.

இவ்விரண்டையும் காத்தவை பழமையும் பெருமதிப்பும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களையே தொல்பொருளாக ஏற்கிறது. 1975இல் சின்சினாட்டியில் வார்க்கப்பட்ட பூதம் அவ்வயதை எட்ட 2075 வரை காத்திருக்க வேண்டும்.

நாச்சாரத்து அடுக்ககம் ஒன்றிலிருந்து ஒருவர் தம் சிற்றுருவத் தொகுப்பை ஏலம் விடுகிறார் எனக் கொள்வோம். பாஸி என்னும் இந்திய ஏலத்தளத்தை 2004இல் ஈபே ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2017இல் ஈபேயின் இந்தியப் பிரிவு ஃபிளிப்கார்ட் வசமாகி, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. எனவே அவருக்குரிய ஏலச்சந்தை பெரிதும் கடல்கடந்தது. பொம்மைகளின் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60ஆகவும், 2023இல் 70ஆகவும் உயர்ந்தது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கட்டாயமாயிற்று. ஆகவே பொம்மை என வகைப்படுத்தப்படும் உருவம் இந்நாட்டைவிட்டு வெளியேறுவது எளிது. திரும்பி வருவது கடினம். இந்தியாவில் மிகுபுனைவு விளையாட்டு எவ்வாறு வேரூன்றியது என்று நாளை ஆராய்பவருக்குரிய மூலச்சான்றுகள் இவ்வாறே ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன.

தொகுப்பு என்பதன் பொருளைத் தமிழர் வீடுகள் வேறு வழியில் அறிந்துள்ளன. கொலுவில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பொம்மை ஒன்றேனும் சேரும். மரப்பாச்சி தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். தெலுங்கு வீடுகளின் ‘பொம்மல கொலுவு’ம் அத்தகையதே. எந்தப் பொம்மை எந்தத் திருமணத்தில் வந்தது, எது எந்த ஊரில் வாங்கியது என்பதை வீட்டு மூத்த பெண் சொல்லக் கேட்கலாம். அவர் சொல்லும்வரை அது ஒரு குடும்பத்தின் வரலாறு. அவருக்குப் பின் எழுதி வைக்கப்படாவிடில் வெறும் களிமண். சந்தை விலை இவ்வேறுபாட்டை அறியாது.

விற்பது தவறு என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. முதுமை, இடமாற்றம், மருத்துவச் செலவு, இடநெருக்கடி என விற்பனைக்கு நியாயமான காரணங்கள் பல. எல்லாத் தொகுப்பையும் ஏற்க எந்த அருங்காட்சியகத்தாலும் இயலாது. ஆனால் விற்பனைக்கும் அழிவுக்கும் இடையே ஒரு பணி உண்டு: பிரிப்பதற்கு முன் பட்டியலிடுவது. தொகுப்பு முழுவதும் ஒருசேர இருக்கும் ஒளிப்படம், ஒவ்வோர் உருவத்தின் அடிப்பட்டை எழுத்து, வாங்கிய ஆண்டும் இடமும் விலையும், வண்ணம் தீட்டியவர் யார் என்ற குறிப்பு, எந்த ஆட்டத்தில் பயன்பட்டது என்ற செய்தி, இறுதியில் விற்ற விலை. இவை ஒரு வார உழைப்பு. இப்பட்டியல் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலோ பொது எண்ம ஆவணகத்திலோ சேர்ந்தால், பொருள்கள் பத்து நாடுகளுக்குச் சிதறிய பின்னும் தொகுப்பு ஆய்வுக்கு எஞ்சும்.

அரசரின் தொகுப்புக்குச் சட்டம் காவலிருந்தது. அமைச்சரின் தொகுப்புக்கு நாடாளுமன்றம் காவலிருந்தது. எளியவரின் தொகுப்புக்கு அதை விற்பவரே கடைசி ஆவணக்காப்பாளர். ஏலம் தொடங்கிய பின் அப்பொறுப்பை ஏற்க வேறொருவர் இல்லை.