முதல் தண்ணீர் யாருக்கு?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1906ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா குளியலகத்தில் மூன்று நீச்சல் குளங்கள் இருந்தன. புதுநீர் முதலில் முதல் வகுப்பு ஆண்களின் குளத்தை நிரப்பும். அவர்கள் நீந்தி முடித்த நீர் இரண்டாம் வகுப்பு ஆண்களுக்குச் செல்லும். அதன் பிறகே பெண்களுக்கு. ஒரு சமூகத்தின் படிநிலையைக் குழாய் வழியே இத்தனை துல்லியமாக வரைந்து காட்டிய வேறொரு கட்டடத்தை நான் அறியேன்.

அக்காலத்தில் குளத்தைத் தூய்மையாக்குவது என்றால் பெரும்பாலும் நீரை மாற்றுவதுதான். அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் 1908இல் குளோரின் தொடர்ந்து சேர்க்கப்படலாயிற்று. இரண்டே ஆண்டுகளில் பிரௌன் பல்கலைக்கழக மாணவர் ஜான் பங்கர் அதை அங்கிருந்த நீச்சல் குளத்தில் சோதித்துப் பார்த்தார். வடிகட்டலும் குளோரினும் சேர்ந்தபோது, ஒரே நீரை எல்லோரும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வது இயல்வதாயிற்று.

குளோரினைவிட வல்லமை மிக்கவை இல்லாமலில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிர்தாங்கும். ஓசோன் அதையும் அழிக்கும். ஆனால் ஓசோன் நீரில் நிலைத்து நில்லாது. சுவாசித்தால் நஞ்சாதலால், நீர் குளத்துக்குத் திரும்புமுன் அதை நீக்கியும் விடவேண்டும். இயந்திர அறையில் அதன் பணி செம்மையானது. நம் அருகில் நீந்துபவர் இந்தக் கணத்தில் விட்டுச்செல்லும் கிருமியிடம் அது வந்து சேராது. குளோரினோ குளத்திலேயே தங்கிக் காவல் காக்கும். புரோமினும் தங்கும், வெந்நீரில் நன்றாகவே உழைக்கும். எனினும் வெயிலில் விரைவில் சிதைந்துபோகும். குளோரினுக்குக் குடைபிடிக்கும் சயனூரிக் அமிலம் புரோமினுக்கு உதவுவதில்லை. திறந்தவெளிக் குளங்களில் குளோரின் நிலைபெற்றதற்கு இது ஒரு காரணம்.

நீச்சல் குளத்தின் காரமான நெடியைத் தூய்மையின் மணமென்று நம்புகிறோம். உண்மையில் அது, வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் வினைபுரிந்து பிறக்கும் குளோரமின்களின் நெடி. பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று தீநாற்றமாகச் சுருங்கிவிட்டது. இங்கே நிகழ்ந்திருப்பது அதன் தலைகீழ்.

குளோரினின் ஆற்றல் நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. பிஎச் அளவு 7.5 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதி குளோரின் வீரியமான வடிவில் இருக்கும். 8 ஆனால் நான்கில் ஒரு பங்குதான். அதனால்தான் குளத்தைப் பராமரிப்பவர்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் ஊரில், மான்சன் மோட்டார் லாட்ஜ் விடுதியின் மேலாளரிடமும் அது இருந்தது. 1964 ஜூன் 18 அன்று கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து அவருடைய குளத்தில் இறங்கினர். கறுப்பினத்தவருக்கு இடமளிக்காத விடுதி அது. ஒரு வாரத்துக்கு முன்புதான் மார்ட்டின் லூதர் கிங் அங்கே கைதாகியிருந்தார். மேலாளர் அமிலத்தைக் கொண்டுவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீரில் ஊற்றினார். அத்தனை நீரில் அது நீர்த்துப்போனது. அஞ்சி அலறும் முகங்களுடன் அந்தப் புகைப்படம் உலகெங்கும் சென்றது. மறுநாள் அமெரிக்க செனட் குடிமை உரிமைகள் சட்ட முன்வரைவை நிறைவேற்றியது.