ளாத் என்னும் எழுத்தும் தமிழ் மாணவரும்

அரபு வகுப்பின் முதல் நாளில் நான் அலிஃப், பா எழுதிக் காட்டுவதில்லை. கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதுவேன்: மகசூல், தாசில், வசூல், ஆஜர், ஜாமீன். இவற்றில் உங்களுக்குத் தெரியாத சொல் எது என்று கேட்பேன். எல்லாம் தெரியும் என்பார்கள். அப்படியானால் அரபுச் சொல் ஐந்து ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது என்பேன். வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

மகசூலும் தாசிலும் உடன்பிறப்புகள். ஹ-ஸ-ல என்ற மூன்று மெய்களே இரண்டுக்கும் வேர். கிடைத்தல் என்பது வேர்ப்பொருள். அந்த வேரை ஒரு வார்ப்பில் ஊற்றினால் மஹ்ஸூல், அதாவது கிடைக்கப்பெற்றது. வேறொரு வார்ப்பில் ஊற்றினால் தஹ்ஸீல், கிடைக்கச் செய்தல், திரட்டுதல். உழவர் களத்தில் காண்பதும் தாசில்தார் திரட்டுவதும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். எழுதுதலைக் குறிக்கும் க-த-ப என்ற வேரை முதல் வார்ப்பில் ஊற்றினால் மக்தூப், எழுதப்பட்டது. கற்றலைக் குறிக்கும் த-ர-ஸ என்ற வேரை இரண்டாம் வார்ப்பில் ஊற்றினால் தத்ரீஸ், கற்பித்தல். இது விளங்கிவிட்டால் அகராதி பார்க்கத் தெரிந்துவிடும். ஜெர்மனில் 1952-லும் ஆங்கிலத்தில் 1961-லும் வெளிவந்த ஹான்ஸ் வேர் அகராதியே உலகெங்கும் மாணவர் கையில் இருக்கிறது. அதில் சொற்கள் வேரின்படிதான் அடுக்கப்பட்டுள்ளன. நூலகத்தைக் குறிக்கும் மக்தபாவை மகர எழுத்தான மீமில் தேடி ஏமாறும் மாணவர் இன்னும் வேரைப் பார்க்கப் பழகவில்லை என்று பொருள். தமிழ், பகுதியின் பின்னால் விகுதியை ஒட்டிக்கொண்டே போகும் மொழி. அரபு, வேரின் உள்ளே உயிரை மாற்றும் மொழி. நம் மாணவருக்கு உண்மையிலேயே புதியது இது ஒன்றுதான். இதற்கு எத்தனை வாரம் ஆனாலும் செலவிடலாம்.

இனி ஆஜருக்கும் ஜாமீனுக்கும் வருகிறேன். ஹாளிர், ளாமின் என்பவை அவற்றின் அரபு வடிவங்கள். ஜில்லாவின் மூலமான ளில்உ என்பதும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. மூன்றிலும் இருப்பது ளாத் என்ற எழுத்து. வேறு மொழிகளில் காணக் கிடைக்காத ஒலி என்று கருதி, அரபியர் தம் மொழியையே 'ளாத்தின் மொழி' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பாரசீக வழியாக, கச்சேரிச் சொற்களாக நமக்கு வந்தபோது இந்த ஒலி ஜகரமாயிற்று. ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு நேராகக் கடல்வழி வந்தது. அங்கே கடமைக்கு ஃபர்ளு, தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதற்கு ஒளு. எழுத்தின் பெயரையே ளாத் என்றுதான் தமிழ் முஸ்லிம்கள் சொல்கிறார்கள். இன்று கெய்ரோவில் அழுத்தமான ஒரு டகரம் போல ஒலிக்கும் எழுத்து இங்கே எப்படி ளகரம் ஆயிற்று?

எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த இலக்கண ஆசிரியர் ஸீபவைஹி, நாவின் பக்கவாட்டு விளிம்பு மேற்பற்களை ஒட்டிய இடத்தில் இவ்வொலி பிறப்பதாக எழுதுகிறார். பக்கவாட்டில் பிறக்கும் ஒலி என்றால் அது லகர ளகர இனத்துக்கு உறவு. ஸ்பெயினில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'அல்கால்தே' என்ற சொல் அரபு 'அல்-காளி'யிலிருந்து வந்தது. அதிலும் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு கடல்களுக்கு அப்பாலிருந்த இரு மக்களின் செவி ஒன்றையே கேட்டிருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன ஒளுவைக் கொச்சை என்று திருத்தும் இளம் ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இன்றைய ஓதல் முறையின்படி சரியான ஒலியைக் கற்பிப்பது கடமைதான். ஆனால் அந்த ளகரம் பிழை அல்ல, பழைய ஓர் அரபு ஒலியின் சுவடு என்பதே என் துணிபு.

இலக்கணத்திலும் நம் மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. சொற்களைப் பெயர், வினை, இடை என்று ஸீபவைஹி தம் நூலின் தொடக்கத்திலேயே பகுக்கிறார். தொல்காப்பியம் படித்தவருக்கு அது பழகிய வாசல். ஐரோப்பிய மாணவர் பெரிதும் திணறும் விதி ஒன்று உண்டு. 'புதிய புத்தகங்கள்' என்பதை அரபில் 'குதுபுன் ஜதீதத்துன்' என்பார்கள். புத்தகங்கள் பன்மை, புதிய என்னும் அடையோ பெண்பால் ஒருமை. மனிதர் அல்லாத எல்லாப் பன்மைக்கும் இதுவே விதி. பகுத்தறிவுள்ளவை, இல்லாதவை என்று அரபு இலக்கணம் உலகை இரண்டாகப் பிரிக்கிறது. வானவரும் ஜின்களும் முதல் வகை. உயர்திணையில் மக்களோடு தேவரையும் நரகரையும் சேர்த்தது நன்னூல். 'மாடுகள் வந்தது' என்று பேச்சில் சொல்கிறோமே, அஃறிணைப் பன்மை ஒருமை முடிபு கொள்வது நமக்கு வீட்டுப் பழக்கம். திணை என்ற ஒரே சொல்லில் முடியக்கூடிய பாடம், ஆங்கிலப் பாடநூல் வழியாக நடத்தும்போது இரண்டு வாரம் இழுக்கிறது. பிறவினையும் அப்படித்தான். 'தரஸ' என்றால் கற்றான், 'தர்ரஸ' என்றால் கற்பித்தான். ஆடு, ஆட்டு, ஓடு, ஓட்டு என்று தன்வினையைப் பிறவினையாக்க ஒற்றை இரட்டித்துப் பழகிய நாவுக்கு இதில் என்ன சிரமம்?

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் எழுத்தில் ககரம் ஒன்றுதான். கல்ப் என்று எழுதினால் அரபில் அது நாயாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். நம் ககரம் போலச் சொன்னால் நாய், அதற்கும் பின்னே அடிநாக்கால் சொன்னால் இதயம். அதைவிட நுட்பமான வழுக்கல் ஒன்றும் உண்டு. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரத்தை நாம் இயல்பாகவே மென்மையாக்கிவிடுகிறோம். அதே பழக்கத்தில் கிதாப் என்று சொன்னால், புத்தகத்தைக் குறிக்கும் சொல் பொய்யுரைத்தலைக் குறிக்கும் 'கிஃதாப்' என்ற சொல்லின் பக்கம் சாய்ந்துவிடும். இதைக் காதால் கேட்டுத்தான் திருத்த முடியும். தமிழ் எழுத்தில் அரபை எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்தத் தவறு பட்டப்படிப்பின் மூன்றாண்டும் தெரியாமலே போகும்.

அரபைக் கற்பதில் நமக்கு நீண்ட வரலாறு உண்டு. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபிலும் அரபுத்தமிழிலும் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது ஆகியவற்றுக்கான துறை 1927-லேயே தொடங்கியது. இலங்கையில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. மதரஸாக்களின் பணி இவற்றுக்கெல்லாம் மூத்தது. இத்தனை இருந்தும், பட்டம் பெற்ற மாணவர் துபாய் விமான நிலையத்தில் டாக்ஸிக்காரரிடம் வழி சொல்ல முடியாமல் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்.

இதற்குக் காரணம் மாணவரின் சோம்பல் அல்ல. சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் எழுதிய கட்டுரையில் அரபை இரட்டை வழக்கு மொழி என்று விளக்கினார்: எழுத்துக்கும் மேடைக்கும் ஒன்று, வீட்டுக்கும் கடைக்கும் மற்றொன்று. தமிழும் அப்படியே என்பதை ஃபிரான்சிஸ் பிரிட்டோ 1986-ல் ஒரு தனி நூலாகவே ஆராய்ந்தார். எகிப்தின் அஸ்ஸயீத் பதவீ 1973-ல் தம் நாட்டு அரபை ஐந்து படிகளாகப் பகுத்துக் காட்டினார். படித்தவர் பேச்சு அதில் நடுப்படி. பாடநூல் நமக்குக் கற்பிப்பது மேல்படிகளை மட்டுமே. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு நூல் 'உரீது' என்கிறது; கெய்ரோக்காரர் 'ஆயிஸ்' என்பார், டமாஸ்கஸ்காரர் 'பித்தி' என்பார், வளைகுடாவில் 'அபி' என்பார்கள். உரீதுவை மட்டும் கற்றவர் அங்காடியில் நிற்பதும், தமிழை நூலில் மட்டும் கற்ற வெளிநாட்டார் நம் தேநீர்க் கடையில் 'யான் அருந்த விழைகின்றேன்' என்று நிற்பதும் ஒன்றே.

என் மாணவர் ஒருவர் சொன்னது நினைவில் நிற்கிறது. அவர் தந்தை குவைத்தில் இருபது ஆண்டு ஓட்டுநராக இருந்தவர். அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தொலைபேசியில் பழைய முதலாளியோடு சரளமாகப் பேசுகிறார், சிரிக்கிறார். "சார், அத்தா பேசுறது எனக்குப் புரியல. நான் படிக்கிறது அத்தாவுக்குப் புரியல" என்றார். ஒரே கூரையின் கீழ் அரபின் இரண்டு பாதியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்கும் வேலையை எந்தப் பாடத்திட்டமும் செய்யவில்லை.

ஆங்கிலம் பேசுவோர் அரபில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்க அரசின் அயலுறவுப் பயிற்சி நிறுவனத்தின் கணக்கு. வாரத்துக்கு ஆறு மணி, ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்தாலும் மூன்றாண்டில் நாம் தருவது 540 மணி. இந்தக் குறுகிய நேரத்தை ஆங்கிலம் வழியாகவும் உருது வழியாகவும் சுற்றிச் செலவிட நமக்கு உரிமை இல்லை. பகுதி ஒன்று என்னும் மொழிப்பாடத்தில் அரபை எடுக்கும் மாணவர் கல்லூரியில் தமிழ் வகுப்பையே விட்டுவிடுகிறார். ஆகவே அரபு வகுப்பில் திணையும் பிறவினையும் குறிலும் நெடிலும் பேசப்பட்டால் அவருக்கு இரு மொழியும் வளரும்.

துறைத் தலைவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, தமிழிலேயே எழுதிய அரபு இலக்கண நூல் ஒன்று முதலாண்டு மாணவர் கையில் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பாவது பேச்சு அரபுக்கு ஒதுக்கப்பட வேண்டும். மாணவர்களிடம் ஒன்றே ஒன்று. குவைத்திலோ ஜித்தாவிலோ மஸ்கட்டிலோ உழைத்துத் திரும்பியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார். அடுத்த வாரம் அவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். அவர் பேசட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.